பந்தாடிய பெண்ணும் மந்திரிப் பதவியும்

(மேல்விஷாரத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். டென்னிஸ் பந்தாட்டத்தில் பேர் எடுத்த ஒரு பெண்மணி பிறகு இந்த நாட்டுக்கு மந்திரியாக ஆன சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறோம். "விடிந்தது முதல் பொழுது சாயும் வரை டேனரியில் சுண்ணாம்புக் குழிக்கும் பச்சைத் தோலுக்கும் நடுவில் நின்றுவிட்டு வருகிறோம், எங்களுக்கு எதற்கையா டென்னிஸ் கதையும் ராஜகுமாரி கதையும்?" என்று உங்களில் ஒருவர் எழுந்து கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு நாம் இறங்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பதில் கடைசியில்தான் வரும். அதுவரை பொறுமையாகக் கேட்டு, நாம் சொல்லிவிட்டோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

யார் இந்த அம்மையார்?

இவர் பெயர் ராஜகுமாரி அம்ரித் கவுர். பஞ்சாபில் கபூர்தலா சமஸ்தானத்து ராஜ குடும்பத்தைச் சேர்ந்த ராஜா ஹர்னாம் சிங் என்பவரின் மகள். லக்னோவில் பிறந்தவர். தகப்பனார் கிறிஸ்து மதத்தைத் தழுவி, அதனால் பட்டத்துக்கு இருந்த உரிமையை விட்டுவிட்டு வெளியே வந்தவர். அண்ணன் தம்பிமார் பலருக்கு நடுவில் அம்ரித் கவுர் ஒரே பெண்.

வடநாட்டில் அந்தக் காலத்துப் பெரிய குடும்பங்களில் பெண் என்றால் என்ன நிலைமை என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு பெரிய குடும்பமோ அவ்வளவு தடித்த திரை. ஏழைப் பெண்ணாவது வயலுக்குப் போவாள், கிணற்றுக்குப் போவாள், நாலு மனிதரைப் பார்ப்பாள். பெரிய வீட்டுப் பெண்ணுக்குச் சூரியன் முகம்கூடத் தெரியக்கூடாது என்பதுதான் கௌரவம். அப்படிப்பட்ட காலத்தில் இந்தப் பெண்ணைத் தகப்பனார் இங்கிலாந்தில் டார்செட் ஜில்லாவிலுள்ள ஷெர்போர்ன் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே பாடத்தோடு விளையாட்டும் கட்டாயம். ஹாக்கி, கிரிக்கெட், லக்ராஸ் என்ற மூன்று ஆட்டங்களிலும் பள்ளிக்கூடத்துக் குழுவுக்குத் தலைவியாய் இருந்தார். வெள்ளைக்காரப் பெண்களுக்கு நடுவில் ஓர் இந்தியப் பெண் தலைவி! இந்தியா திரும்பியபின் டென்னிஸ் ஆடிப் பந்தயங்களில் பரிசுகள் பல வாங்கினார்.

தோழர்களே! இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. "பெண்ணுக்கு உடல் வலு இல்லை, ஓடியாட முடியாது, அதனால் அவளுக்கு வெளி வேலை ஆகாது" என்று சொல்லுகிறோமே, அந்த வலு இல்லாமல் போனது எதனால்? பன்னிரண்டு வயதில் அவளைப் பிடித்து உள்ளே உட்கார வைத்து, ஓடாதே, குதிக்காதே, சிரிக்காதே என்று பத்து வருஷம் பழக்கிவிட்டு, பிறகு "பார், இவளால் ஓட முடியவில்லை" என்று சொன்னால் அது எந்த ஊர் நியாயம்? மாட்டைக் கட்டிப் போட்டுவிட்டு, "இந்த மாட்டுக்கு மேயத் தெரியவில்லை" என்று சொல்லுகிறவனை நீங்கள் புத்திசாலி என்று சொல்லுவீர்களா?

ஆணுக்கு ஒரு கேள்வி, பெண்ணுக்கு ஒரு கேள்வி

டென்னிஸ் ஆடி மந்திரியானவர்கள் உலகத்தில் இந்த அம்மையார் ஒருவர்தானா என்றால், இல்லை. அமெரிக்காவில் டுவைட் டேவிஸ் என்று ஒருவர் இருந்தார். 1899, 1900, 1901 ஆகிய மூன்று வருஷமும் தொடர்ந்து அந்நாட்டு இரட்டையர் ஆட்டத்தில் ஜெயித்தவர். கலாசாலை மாணவராய் இருந்தபோதே 1900-ம் வருஷத்தில் நாடுகளுக்குள் பந்தயம் நடத்த ஒரு வெள்ளிக் கோப்பையைக் கொடுத்தார். இன்றும் பத்திரிகைகளில் டேவிஸ் கோப்பை என்று படிக்கிறீர்களே, அதுதான் இது. இவர் 1925 முதல் 1929 வரை அமெரிக்க சர்க்காரில் யுத்த மந்திரியாயிருந்தார். பிறகு பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கவர்னர் ஜெனரலாகவும் போனார்.

டேவிஸ் மந்திரியானபோது, "இவர் டென்னிஸ் ஆடியவர் ஆயிற்றே, இவருக்குச் சமையல் தெரியுமா? இவர் வெளியே போய்விட்டால் வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது?" என்று யாராவது கேட்டார்களா? ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு பெண் ஒரு பதவிக்கு வந்தால் முதலில் வருகிற கேள்வி அதுதான். தகுதியைப் பற்றிய கேள்வி பின்னால்தான் வரும். இதுதான் நாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வைத்திருக்கும் இரண்டு தராசு.

அந்த டேவிஸ் கோப்பையைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். 1974-ல் இந்தியா அந்தப் பந்தயத்தின் கடைசி ஆட்டம் வரை போயிற்று. எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா. அங்கே அப்போது கறுப்பரைத் தனியாய், வெள்ளையரைத் தனியாய் வைத்து ஆளும் நிறவெறி ஆட்சி நடந்தது. அப்படிப்பட்ட ஆட்சியின் குழுவோடு ஆட மாட்டோம் என்று இந்தியா மறுத்தது. ஆடாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. வெள்ளிக் கோப்பை போயிற்றே தவிர மானம் போகவில்லை. விளையாட்டிலும் சுயமரியாதைக்கு இடம் உண்டு என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

நிற்க, அம்மையார் சரித்திரத்துக்கு வருவோம்.

ஓட்டுக் கேட்ட மூன்று பெண்கள்

1919-ல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த பிறகு அம்ரித் கவுர் அரசியலில் நாட்டம் கொண்டார். 1927-ல் தோன்றிய அகில இந்திய மாதர் மகாநாட்டை உண்டாக்கியவர்களில் அவரும் ஒருவர். குழந்தை விவாகம் ஒழிய வேண்டும், கோஷா முறை ஒழிய வேண்டும், பெண்கள் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராய்ப் பேசினார். தகப்பனார் காலமானபின் காந்தியாரிடம் போய்ச் சேர்ந்து 16 வருஷம் அவருக்குக் காரியதரிசியாய் இருந்தார். ஜெயிலுக்கும் போனார்.

காந்தியாரோடு நமது இயக்கத்துக்கு வருணாசிரமம் முதலிய விஷயங்களில் இருந்த வேற்றுமை ஊரறிந்த சங்கதி. அதை இங்கே மூடி மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் ஒருவர் எந்தக் கட்சியில் இருந்தார் என்பதை வைத்து மட்டும் அவர் செய்த காரியத்தை எடை போடுவது பகுத்தறிவாகாது. அவர் செய்த காரியங்களையே எடுத்துப் பார்ப்போம்.

1933-ல் லண்டனில் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று இந்தியாவுக்குக் கொடுக்கப் போகும் சீர்திருத்தத்தைப் பற்றி விசாரணை நடத்தியது. அப்போது ஒரு பெண்ணுக்கு ஓட்டுக் கொடுப்பதென்றால் அவள் புருஷனுக்குள்ள சொத்தைப் பார்த்துக் கொடுக்கலாம் என்ற யோசனை அடிபட்டது. அதாவது பெண்ணுக்குச் சொந்தமாய் மூளை இல்லை, புருஷன் பட்டாவில் அதுவும் ஒரு தாக்கு என்று அர்த்தம்! இந்த யோசனையை எதிர்த்து, ஆண் பெண் வித்தியாசமில்லாமல் வயது வந்தவர் எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று சொல்லும் இந்திய மாதர் சங்கங்களின் சார்பில் மூன்று பெண்கள் போய்ச் சாட்சி சொன்னார்கள். ஒருவர் இந்த அம்ரித் கவுர், கிறிஸ்தவர். ஒருவர் ஷரீபா ஹமீத் அலி, முஸ்லிம். மூன்றாமவர் நமது புதுக்கோட்டை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசிக் குலம் என்று உலகத்தார் ஒதுக்கி வைத்த தாயின் வயிற்றில் பிறந்து, டாக்டராகி, சட்டசபையில் அந்த முறையையே ஒழிக்கப் பாடுபட்டவர்.

மூன்று மதம், மூன்று பிறவி, ஒரே கோரிக்கை. ராஜா வீட்டில் பிறந்தவரும் தாசி குலத்தில் பிறந்தவரும் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து ஒரே நியாயத்தைக் கேட்டார்கள். பெண் என்கிற ஒரு குற்றத்துக்காக ராஜகுமாரியும் நியாயம் கேட்டு நிற்க வேண்டும், ஏழையும் நியாயம் கேட்டு நிற்க வேண்டும் என்றால், இந்த அடிமைத்தனம் பணம் சேர்ந்தால் தானாகத் தீர்ந்துவிடும் வியாதியா என்பதை யோசித்துப் பாருங்கள். இன்று நமது தாய்மார்கள் புருஷன் சொத்தைக் காட்டாமல், தம் பெயரில், தம் இஷ்டப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்றால், அது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல.

ஒரு சொல்லுக்காக நடந்த சண்டை

அரசியல் நிர்ணய சபையில் அம்மையார் அங்கத்தினராயிருந்தார். அடிப்படை உரிமைகளை எழுதும் கமிட்டியிலும் இருந்தார். 1947-ம் வருஷம் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் மத சுதந்திரத்தைப் பற்றிய விதி வந்தது. "மதத்தைத் தாராளமாய் அனுஷ்டிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு" என்று எழுதியிருந்தார்கள். கேட்பதற்கு நன்றாய்த்தானே இருக்கிறது? ஆனால் அம்மையார் அந்த "அனுஷ்டிக்க" என்ற ஒரு சொல்லில் கை வைத்தார். பெண்ணைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டுவதும் அனுஷ்டானம் என்பார்கள். குழந்தைக்குக் கலியாணம் செய்வதும் அனுஷ்டானம் என்பார்கள். பெண்ணைத் திரைக்குள் அடைப்பதும், சொத்தில் பங்கில்லை என்பதும், ஜாதி விட்டு ஜாதி கலியாணம் கூடாது என்பதும் அனுஷ்டானம் என்பார்கள். நாளைக்கு இவற்றை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தால், அது மத உரிமைக்கு விரோதம் என்று கோர்ட்டில் நிற்பார்கள் என்பதே அவர் எழுப்பிய ஆட்சேபணையின் கருத்து. ஹன்சா மேத்தா அம்மையாரும் அவரோடு நின்றார். சென்னை அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் இந்த விஷயத்தில் அவரை ஆதரித்தார். சரியான பேச்சை யார் சொன்னாலும் சரியென்று சொல்ல வேண்டியது நமது கடமையாதலால் அதையும் சொல்லுகிறோம்.

முடிவு என்ன ஆயிற்று? "அனுஷ்டானம்" என்ற சொல் அரசியல் சட்டத்தில் நின்றுவிட்டது. ஆனால் அதே 25-வது விதியில், சமூக நன்மைக்கும் சீர்திருத்தத்துக்கும் சர்க்கார் சட்டம் செய்வதை இந்த உரிமை தடுக்காது என்றும், பொதுவான இந்துக் கோவில்களை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிடச் சட்டம் செய்யலாம் என்றும் ஒரு பிரிவு சேர்ந்தது. வீட்டுக்குப் பூட்டுப் போட்டவர்கள், சாவியையும் கூடவே வைக்கும்படி ஆயிற்று. பந்து எந்தப் பக்கம் விழும் என்பதை அது வருவதற்கு முன்னமே கண்டு காலை எடுத்து வைக்கிறவர்தான் ஆட்டக்காரர். அம்மையார் அதைச் சட்டத்தில் செய்து காட்டினார்.

சுகாதார மந்திரி

1947 ஆகஸ்டு 15-ல் அமைந்த முதல் மந்திரி சபையில் அம்பேத்கர் சட்ட மந்திரி. நமது கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் நிதி மந்திரி. அம்ரித் கவுர் சுகாதார மந்திரி. அந்தச் சபையில் இருந்த ஒரே பெண் அவர்தான். 1957 வரை பத்து வருஷம் அந்தப் பொறுப்பைப் பார்த்தார். 1950-ல் ஜெனீவாவில் கூடிய உலகச் சுகாதார சபைக்குத் தலைமை வகித்தார். அந்தத் தலைமைக்கு வந்த முதல் பெண்ணும் அவரே, முதல் ஆசியாக்காரரும் அவரே.

அவர் வந்தபோது நாட்டின் நிலைமை எப்படி? ஒரு இந்தியனின் சராசரி ஆயுள் சுமார் 32 வயது. மலேரியாக் காய்ச்சலில் வருஷத்துக்குச் சுமார் ஏழரைக் கோடிப் பேர் விழுந்தார்கள் என்றும், 8 லட்சம் பேர் செத்தார்கள் என்றும் மதிப்பிட்டார்கள். அதையெல்லாம் "தலைவிதி" என்று சொல்லி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக் கொண்டிருந்தோம். 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டு வேலை ஆரம்பமாயிற்று. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளித்தார்கள். கொசு குறைந்தது, காய்ச்சலும் குறைந்தது. தலைவிதி ஒரு கைப்பம்பு மருந்துக்குப் பயந்து ஓடுமானால் அது என்ன விதி?

அடுத்தது க்ஷயம். இந்தப் பாலாற்றுப் பக்கத்தில் டேனரி வேலை செய்யும் ஜனங்களுக்கு க்ஷயம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. புழுக்கமான இடம், ஈரம், நெருக்கமான வீடு, அரை வயிற்றுச் சாப்பாடு ஆகியவை இருக்குமிடத்தில் அது தானாக வந்து குடியேறும். அம்மையார் காலத்தில் க்ஷயத்துக்கு எதிராக பி.சி.ஜி. என்னும் ஊசி போடும் வேலை பெரிய அளவில் நடந்தது. அந்த மருந்து தயாரிக்கும் நிலையம் 1948-ல் நமது சென்னைக் கிண்டியில்தான் ஏற்பட்டது. 1955-ல் ராஜகோபாலாச்சாரியார் இந்த ஊசி கூடாது என்று பலமாய் எதிர்த்துப் புஸ்தகமே போட்டார். மந்திரி அம்மையார் பின்வாங்கவில்லை, வேலை நடந்தது.

இந்த இடத்தில் நாம் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிறகு 1968 முதல் செங்கல்பட்டு ஜில்லாவில் லட்சக்கணக்கான ஜனங்களிடம் இந்த ஊசியைப் போட்டுப் பரீட்சை பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அது தடுக்கவில்லை என்று அந்தப் பரீட்சையில் தெரிந்தது. அப்படியானால் ஆச்சாரியார் ஜெயித்துவிட்டாரா? அதுவும் இல்லை. பச்சைக் குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் க்ஷயத்தையும் உடம்பெல்லாம் பரவும் க்ஷயத்தையும் இந்த ஊசி தடுக்கிறது என்று தெரிந்து, அதற்காக இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். ஆகவே ஆச்சாரியார் சொன்னார் என்பதும் அத்தாட்சியில்லை, மந்திரி சொன்னார் என்பதும் அத்தாட்சியில்லை. போட்டுப் பார்த்து, எண்ணிப் பார்த்து வந்த கணக்குத்தான் அத்தாட்சி. சாஸ்திரம் என்றால் இதுதான் சாஸ்திரம். தன் தப்பைத் தானே கண்டுபிடித்துச் சொல்லுகிற சாஸ்திரம் இது ஒன்றுதான்.

இதைவிட ஏழைகளுக்குப் பெரிய உபகாரமான வேலை 1956-ல் சென்னையில் ஆரம்பித்த க்ஷய மருந்துப் பரிசோதனை நிலையத்தில் நடந்தது. அதுவரை க்ஷயம் வந்தவன் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்க வேண்டும், பால் முட்டை சாப்பிட வேண்டும் என்று நம்பியிருந்தார்கள். கூலிக்காரன் அதற்கு எங்கே போவான்? சென்னையில் குடிசையில் இருந்த ஏழை நோயாளிகளை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தவர்களைப் போலவே வீட்டிலிருந்தவர்களும் குணமானார்கள் என்று 1959-ல் வெளியிட்டார்கள். உலகமே அந்த வழியைப் பின்பற்றியது. இன்று உங்கள் தெருவில் ஒருவர் வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிட்டு க்ஷயம் தீர்ந்து வேலைக்குப் போகிறார் என்றால் அது அந்தச் சென்னைக் குடிசைகளில் கண்ட உண்மையின் பலன்.

வேலூர் சொல்லும் பாடம்

பெண் மந்திரி வந்தால் என்ன, ஆண் மந்திரி வந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு நமது வேலூரே பதில் சொல்லும். 1890-களில் திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற ஒரு வெள்ளைக்காரப் பெண், டாக்டரான தன் தகப்பனாரோடு தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் கஷ்டப்படும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் மேல்ஜாதி இந்து. "எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் வருவார்" என்று சொன்னார். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் செத்திருந்தார்கள். மதம் வேறு, ஜாதி வேறு. கொன்ற காரணம் ஒன்று. அந்த இரவுதான் ஐடா அம்மையாரை டாக்டருக்குப் படிக்க வைத்தது. 1900-ல் வேலூரில் ஒரே படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளிக்கூடம் வைத்தார். அவரும் கிழ வயது வரை டென்னிஸ் ஆடியவர்தான்!

பெண் டாக்டரும் பெண் நர்ஸும் இல்லாத நாட்டில் பெண்ணுக்கு வைத்தியமில்லை என்பதை அம்ரித் கவுர் அறிந்திருந்தார். நர்ஸ் வேலை என்றால் அன்று "கண்டவனைத் தொடும் வேலை" என்று இழிவாய்ப் பேசினார்கள். அவர் மந்திரியான வருஷமே, 1947-ல், நர்ஸ் படிப்புக்கு ஒரே தரம் ஏற்படுத்தும் கவுன்சில் சட்டம் வந்தது. நர்ஸ் படிப்புக்குப் பட்டம் கொடுக்கும் கல்லூரி 1946-ல் டில்லியிலும் வேலூரிலும் ஆரம்பமாகியிருந்தது. அந்த டில்லிக் கல்லூரிக்கு இன்று அவர் பெயர்தான்.

டில்லியில் எய்ம்ஸ் என்று சொல்லும் பெரிய வைத்திய நிலையத்துக்குச் சட்ட மசோதாவை 1956 பிப்ரவரி 18-ல் லோக்சபையில் கொண்டு வந்தவரும் அவரே. நியூசிலாந்து சர்க்காரிடம் 10 லட்சம் பவுன் உதவி கிடைத்தது. சிம்லாவில் தமக்கிருந்த மாளிகையை அந்நிலையத்து ஊழியர்கள் ஓய்வெடுப்பதற்கென்று எழுதி வைத்துவிட்டார். கலியாணம் செய்துகொள்ளாமலே இருந்து, 1964 பிப்ரவரி 6-ல் காலமானார்.

தவறினது எங்கே?

தோழர்களே! ஒருவரைப் புகழ ஆரம்பித்தால் குற்றமே இல்லாத தெய்வமாக்கிவிடுவது நமது நாட்டு வியாதி. அந்த வியாதி நமக்கு வேண்டாம். அம்மையார் பெரிய தவறு ஒன்றும் செய்தார். கர்ப்பத்தடை விஷயத்தில் அவர் காந்தியார் கொள்கையையே பிடித்துக்கொண்டார். கருவி, மருந்து கொண்டு கர்ப்பத்தைத் தடுப்பது கூடாது, நாள் பார்த்து விலகியிருந்தால் போதும் என்றார். 1951-ல் வெளிநாட்டு டாக்டர் ஒருவரை வரவழைத்து, இந்த நாள் கணக்கு முறையைச் சில இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள். கணக்குத் தெரியாத பெண்களுக்கு வர்ண மணிகள் கோர்த்த மாலை கொடுத்தார்கள். முதல் ஐந்து வருஷத் திட்டத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று 65 லட்ச ரூபாய் ஒதுக்கியும், வேலை மணியை எண்ணிக்கொண்டிருப்பதோடு நின்றுபோயிற்று. பலன் சொல்லும்படியாயில்லை.

பிள்ளை பெறுவதும் பெறாமலிருப்பதும் பெண்ணின் சொந்த இஷ்டமாய் இருக்க வேண்டும் என்று 1920-களின் கடைசியிலிருந்தே நமது இயக்கம் சொல்லிவந்திருக்கிறது. விலகியிரு என்று மனைவி புருஷனுக்குச் சொல்லி, அவன் கேட்கும்படியான நிலைமையில் பெண் இருந்தால் இந்தச் சங்கடமே வந்திராதே! கோஷாவை எதிர்த்தவர், "அனுஷ்டானம்" என்ற ஒரு சொல்லில் இருந்த ஆபத்தைக் கண்டவர், இந்த இடத்தில் தம் குருவின் சொல்லைத் தம் புத்திக்கு மேலே வைத்தார். அதனால் பத்து வருஷம் வீணாயிற்று. எவ்வளவு பெரியவரானாலும், யோசிப்பதை இன்னொருவரிடம் ஒப்படைத்த அந்த இடத்தில் சறுக்கித்தான் விழுவார். இதுவும் இந்தச் சரித்திரத்தில் நாம் கற்க வேண்டிய பாடம்.

உங்கள் கேள்விக்குப் பதில்

இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறோம். "அவர் ராஜா வீட்டுப் பெண், அவரால் முடிந்தது, நம் வீட்டுப் பெண்ணால் முடியுமா?" என்கிறீர்கள்.

ராஜா வீட்டில் பிறந்த பெண்கள் அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தார்களே, அவர்களெல்லாம் என்ன ஆனார்கள்? பிறவிதான் காரணமென்றால் எல்லா ராஜகுமாரிகளும் மந்திரியாயிருக்க வேண்டாமா? பட்டுத் திரைக்குப் பின்னால் பேர் தெரியாமல் செத்துப்போனார்கள். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமிக்கு ராஜ வம்சமில்லை, அவர் டாக்டரானார். ஆகவே அம்ரித் கவுருக்குக் கிடைத்து மற்ற ராஜகுமாரிகளுக்குக் கிடைக்காதது எது என்று பாருங்கள். ஒரு பள்ளிக்கூடம், ஓடியாட ஒரு மைதானம், குறுக்கே நிற்காத ஒரு தகப்பன். இந்த மூன்றுதான். பணமிருந்ததால் இந்த மூன்றும் அவருக்குச் சுலபமாய்க் கிடைத்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த மூன்றில் எதற்கும் இன்று ராஜ்யம் வேண்டியதில்லை.

இந்த ஊர் சாமானிய ஊரா? இவ்வூரில் பிறந்து தோல் வியாபாரத்தில் பொருள் சேர்த்த சி. அப்துல் ஹக்கீம் சாகிப், படிப்புக்கும் பொதுக் காரியங்களுக்கும் வாரிக் கொடுத்தவர். சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே வழிப்போக்கர் தங்கச் சத்திரம் கட்டினவர். அவர் பெயரால் 1965 முதல் இங்கே கல்லூரி நடக்கிறது. பெண்களுக்கென்றும் கல்லூரி இருக்கிறது. ஆகையால் பள்ளிக்கூடம் இருக்கிறது. முதல் பங்கு முடிந்தது. மைதானமும் இருக்கிறது. ஆனால் சாயங்காலத்தில் அதில் யார் இருக்கிறார்கள்? பையன்கள் மட்டும். அதே வயதுப் பெண் ஜன்னல் வழியாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இது ஒரு மதத்தாரின் வழக்கம் என்று யாரும் சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம். இந்து வீதியிலும், கிறிஸ்தவ வீதியிலும், சேரியிலும் இதே ஜன்னல்தான், இதே பார்வைதான். திரையின் நிறம் மட்டும் வேறு.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது மூன்றே விஷயம். பெண் பெரியவளானவுடன் படிப்பையும் ஆட்டத்தையும் ஒரே நாளில் நிறுத்துகிற வழக்கத்தை உங்கள் வீட்டில் நீங்கள் விட வேண்டும். வாரத்தில் சில சாயங்காலமாவது பெண் பிள்ளைகளுக்கென்று மைதானத்தை விட்டுக்கொடுக்கும்படி பள்ளிக்கூட நிர்வாகிகளிடம் தகப்பன்மார்களே போய்க் கேட்க வேண்டும். இரண்டாவது, டாக்டருக்கோ நர்ஸுக்கோ படிக்க ஆசைப்படும் பெண்ணை "அந்த வேலை நமக்காகாது" என்று தடுக்கக்கூடாது. நாளைக்கு உங்கள் வீட்டுப் பிரசவத்துக்கு வருகிறவள் எவன் வீட்டுப் பெண்ணாவது ஆகத்தானே வேண்டும்? அவனும் உங்களைப்போல் தடுத்திருந்தால் உங்கள் கதி என்ன? மூன்றாவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றிருந்தால் தாயத்துக் கட்டாமல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைப் பரீட்சை செய்துகொள்ள வேண்டும், மருந்து இலவசம். மனைவிக்கு இருமல் வந்தால் அது சும்மா இருமல், தனக்கு வந்தால் மட்டும் வியாதி என்று நினைக்கும் ஆண்களுக்கு இதை விசேஷமாய்ச் சொல்லுகிறோம்.

உங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் டென்னிஸ் ஆட வேண்டும், எல்லோரும் மந்திரியாக வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆட்டத்தில் எல்லோரும் ஜெயிப்பதில்லை. ஆனால் ஆட்டத்துக்குள் விடாமலே ஒருவரைத் தோற்றவர் என்று எழுதி வைப்பது மாத்திரம் எந்த ஆட்டத்திலும் நியாயமில்லை. இதை இன்றிரவு வீட்டுக்குப் போனவுடன் உங்கள் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு யோசியுங்கள். நாம் சொன்னதில் தப்பிருந்தால் தள்ளிவிடுங்கள். சரியென்று பட்டால் நாளைச் சாயங்காலமே அவளை வெளியே விடுங்கள்.